மூக்கை நம்பியவன்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஷேர் ஆட்டோவில் ஏழு பேருக்கு நடுவே நசுங்கிக்கொண்டு வந்த சூரியபிரகாஷ், சட்டைப் பையை மூன்றாவது தடவையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பொட்டலம் பத்திரமாக இருந்தது.

பக்கத்தில் கறிவேப்பிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். தங்கம் கடத்துகிறவன்கூட இத்தனை தடவை பையைத் தொட மாட்டான். பையில் இருந்ததோ புளியங்கொட்டை அளவு சல்பைடு. அவன் வேலை செய்கிற தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்போடு கலந்து, தோலிலிருந்து மயிர் கழிப்பதற்குப் போடுகிற சரக்கு. அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னது அண்ணி அம்பிகா.

வியாழக்கிழமை நடந்தது நினைவிருக்கும். மறந்தவர்களுக்கும் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் படிப்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பிகாவின் ஒரே மகள் சௌமியா பிளஸ் ஒன் படிக்கிறாள். வேதியியல் செய்முறைப் பயிற்சியில் டீச்சர் கொடுத்த உப்பில் அமிலத்தை ஊற்றினாள். குழாயிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. அவ்வளவுதான், சோதனைக் குழாயைப் போட்டு உடைத்துவிட்டு லேபிலிருந்து ஓடினாள். பள்ளிக்கூட கேட் வரைக்கும் ஓடிவிட்டாள்.

நாளை திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. யாருக்கு எந்த உப்பு என்பதைச் சீட்டு எடுத்துத்தான் கொடுப்பார்கள். அந்த உப்பு வந்து, இவள் மறுபடியும் ஓடினால் மார்க் அத்தோடு போச்சு. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன் ஆக வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிற பெண் அவள்.

"உனக்கு அந்த நாத்தம் பழக்கம்தானே சூரி. ஷாப்புலேர்ந்து துளியூண்டு எடுத்தாந்து அவளுக்கும் பழக்கி விடேன்" என்று அம்பிகா வெள்ளிக்கிழமை சொன்னாள்.

மாட்டேன் என்று சொல்ல சூரியிடம் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணத்தை அண்ணியிடம் சொல்ல முடியாது. அதனால் தலையை ஆட்டிவிட்டான்.

ஆட்டோ பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு என்று சொல்ல மணலும் சீமைக்கருவேலமும்தான் இருந்தன. பாலத்தின் நடுவில் போகும்போது, காதோரம் அந்தக் குரல் கேட்டது.

"சூரி, நாத்தம் போய்டுச்சாடா? எறங்கலாமா?"

"இரு, இரு!" என்று சூரி வாய்விட்டுக் கத்திவிட்டான்.

டிரைவர் பிரேக்கை மிதித்தார். கறிவேப்பிலை அம்மாள் முன் சீட்டில் முட்டிக்கொண்டாள். "இன்னாபா, பாலத்து மேல எறங்குறியா?" என்றார் டிரைவர்.

"இல்ல... போங்க" என்றான் சூரி.

இரண்டு வருஷமாக இப்படித்தான். குழாயடியில், சலூனில், மாரியம்மன் கோயில் கூட்டத்தில், எங்கே வேண்டுமானாலும் ஷாப்பின் கழிவுத்தண்ணித் தொட்டியில் இறங்கி இறந்துபோன அண்ணன் பூவரசனின் குரல் வரும். அதட்டாது, அழாது. அன்றைக்குத் தொட்டியின் விளிம்பில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எப்படிக் கேட்டானோ, அதே மாதிரி சாதாரணமாகக் கேட்கும். பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைத்தான் சூரியால் தாங்க முடிவதில்லை.

காலையில் ஷாப் ஸ்டோரில் கூட வேலை செய்கிற சமீருல்லா பொட்டலம் கட்டிக் கொடுத்தபோதும் அந்தக் குரல் வந்தது.

"இன்னாத்துக்கு தோஸ்த் இது?" என்று கேட்டான் சமீருல்லா.

"அண்ணன் பொண்ணுக்குப் பரிட்சை."

சமீருல்லா அவனையே பார்த்தான். அன்றைக்கு அண்ணன் பின்னாலேயே தொட்டிக்குள் குதிக்கப் போன சூரியை இடுப்பைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டவன் அவன்தான். உருது பேப்பரில் மடித்து, அதன் மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றினான்.

"கையால தொடாத, புண்ணாயிடும். மத்தது உனக்கு நான் சொல்லணுமா?" என்றான்.

"வேணாம்."

"அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

அவன் பொட்டலத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது சூரிக்குத் தெரியும். பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிட்டான்.

*

வீட்டுக்கு வந்தபோது அம்பிகா கையில் டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றிருந்தாள். ஷூ கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் முடிக்க வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. தெருமுனைக்கு வேன் வந்துவிடும்.

"கொண்டாந்தியா?"

"ம்."

"வெளியில வச்சே செய்யுங்க. அவ அழுதா உட்டுடாத. ஒரு தடவ தாண்டிட்டா அப்புறம் ஒன்னும் இல்ல" என்றவள், செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே திரும்பிச் சுவரைப் பார்த்தாள். "கொழந்தைக்கு இந்த பேஜாரெல்லாம் யாரால? அதோ, சிரிச்சிக்கினு இருக்காரே, அவரால."

சுவரில் பூவரசனின் படம். சாமி படங்களுக்கெல்லாம் காலையில் பூ வைத்திருந்தாள். அந்தப் படத்துக்கு மட்டும் இல்லை. இரண்டு வருஷமாக ஒரு முழம் பூ அந்தப் படத்துக்குப் போனதில்லை.

"நாளைக்குப் பரிட்சை அண்ணி. இன்னிக்காச்சும் ஒரு பூ..." என்று இழுத்தான் சூரி.

"அவருக்கா? எறங்காத எறங்காதன்னு நீங்கல்லாம் தடுத்தீங்களே, கேட்டாரா? பொண்டாட்டி ஒருத்தி இருக்கா, பொண்ணு ஒருத்தி இருக்கான்னு நெனச்சாரா? எறங்கட்டுமா வேணாமான்னு ஒரு வார்த்த யாரையாச்சும் கேட்டுட்டு எறங்கினாரா?" அம்பிகாவின் குரல் உயரவில்லை. எத்தனையோ தடவை சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகள். "என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போன மனுஷனுக்கு நான் பூ போடணுமா? நீயே போட்டுக்கோ."

வேன் ஹாரன் அடித்தது. அவள் போய்விட்டாள்.

சூரி படத்தைப் பார்க்காமல் உள்ளே நுழைந்தான். முப்பத்து மூன்று வயதாகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே நழுவுகிறான். ஊரில் எல்லாரும், பாவம், அண்ணன் குடும்பத்துக்காக இப்படி நிற்கிறான் என்று அவனைப் புகழ்கிறார்கள். புகழ்ச்சியைக் கேட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

*

"சித்தப்பா, மொதல்ல கேள்வி. அப்புறம்தான் அது" என்றாள் சௌமியா. கேள்வித் தொகுப்பை அவன் மடியில் வைத்தாள். "நீ கேளு, நான் சொல்றேன். தப்பா சொன்னா கொட்டு."

சூரி ஒன்பதாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். விரலை வைத்து எழுத்துக் கூட்டினான்.

"அவ... காட்ரோ எண் யாது?"

"ஆறு புள்ளி பூஜ்ஜியம் ரெண்டு ரெண்டு, பெருக்கல் பத்தின் அடுக்கு இருபத்து மூணு."

"அவ்ளோ ஜாஸ்தியா? யாரு உக்காந்து எண்ணினது?"

"கேள்விய மட்டும் கேளு சித்தப்பா!"

இப்படியே ஒரு மணி நேரம் போனது. அணு எண், இணைதிறன், எந்தச் சுடர் எந்த நிறம். அவள் பதில் சொல்கிற வேகத்தில் சூரிக்குப் பக்கம் திருப்பக்கூட நேரம் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்து சிரித்தான். அண்ணனுக்கும் இப்படித்தான், பேச்சில் ஒரு வேகம் இருக்கும்.

பிறகு உப்புப் பகுப்பாய்வு வந்தது. நோட்டில் மூன்று கட்டங்கள். சோதனை, காண்பன, அறிவன. என்ன செய்தோம், என்ன பார்த்தோம், அதிலிருந்து என்ன தெரிந்தது. ஒவ்வொரு உப்புக்கும் அவள் முத்து முத்தாக எழுதி வைத்திருந்தாள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் முதல் கட்டத்தோடு கையெழுத்து நின்றுபோயிருந்தது.

"சல்பைடு" என்று சூரி வாசித்தான். "உப்புடன் நீர்த்த சல்பியூரிக் அமிலம் சேர்த்தால்?"

சௌமியா நோட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சௌமி."

"அழுகிய முட்டை மணம் கொண்ட வாயு வெளியேறும்" என்றாள் மெதுவாக. "இதுக்குப் போயி மணம்னு போட்டிருக்காங்க பாரு."

அவன் புத்தகத்தை மூடினான். "வா, பின்னாடி போலாம்."

*

பின்பக்கம் துவைக்கிற கல், ஒரு தண்ணீர்த் தொட்டி, முருங்கை மரம். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. சௌமியா பழைய எவர்சில்வர் கிண்ணத்தைக் கல்லின் மேல் வைத்தாள். வீட்டில் ஆசிட் ஏது, எலுமிச்சம் பழமே போதும் என்று டீச்சரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள்.

"ஒரு கடுகு அளவு போதுமாம். காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதோ அந்தப் பக்கம் முதுகு இருக்கணும். மூஞ்சிய மேல கொண்டாந்து மோந்து பாக்கக் கூடாது. கையால லேசா விசிறி, தூரத்துலேர்ந்து பாக்கணும். அதான் ரூல்" என்றாள்.

அன்றைக்குச் சூரி விசிறிப் பார்க்கவில்லை. தொட்டியின் வாயில் குப்புறப் படுத்து, மூஞ்சி முழுவதையும் உள்ளே விட்டல்லவா மோந்தான்.

பொட்டலத்தைப் பிரித்து, குச்சியால் ஒரு துணுக்கைக் கிண்ணத்தில் தள்ளினான். எலுமிச்சம் பழத்தின் பாதியைக் கையில் எடுத்தான். பிழிய வேண்டியதுதான் பாக்கி. கை கேட்கவில்லை. பழம் நழுவி மண்ணில் உருண்டது.

"இன்னா சித்தப்பா, உனக்குத்தான் பழக்கம்னு அம்மா சொல்லிச்சி. நீயே பழத்தக் கீழ போடுற?"

"நீயே பிழி" என்றான் அவன்.

சௌமியா பழத்தை எடுத்துத் துடைத்தாள். மூச்சை ஒரு தரம் நன்றாக இழுத்துவிட்டாள். பிழிந்தாள்.

நான்கைந்து சொட்டு. கிண்ணத்தில் மெல்ல நுரை வந்தது. உடனே வந்துவிட்டது அது. முருங்கைப் பூ வாசத்தையும் துணி சோப்பு வாசத்தையும் தள்ளிவிட்டு, நேராக வந்து நின்றது.

சூரி இரண்டடி பின்னால் போனான். சௌமியா போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. ஆனால் அசையவில்லை.

"பயந்துக்காத, நான் இங்கதான் இருக்கேன்" என்றான் சூரி.

"எனக்கு இன்னா பயம்?" அவள் கண்ணைத் திறக்கவில்லை. "வியாழக்கெழமகூட நான் பயந்து ஓடல சித்தப்பா. எல்லாரும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருக்காங்க. சின்ன வயசுல சாயங்காலம் அப்பா வர்றதுக்கு முன்னாடியே இந்த வாசனை வாசலுக்கு வந்துடும் இல்ல? அம்மா மூக்கப் புடிச்சிக்கினு குளிக்கத் தொரத்தும். நான் ஓடிப் போயி சட்டையக் கட்டிக்குவேன். அன்னிக்கு லேப்ல கொழாய்லேர்ந்து அதே வாசனை. அப்பா கேட்டாண்ட வந்து நிக்கிறாருன்னு நெனச்சி ஓடினேன். கேட்டு வரைக்கும் போயிப் பாத்தேன். வாட்ச்மேன்தான் நின்னுக்கினு இருந்தாரு."

சூரி துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். தன் ஒருவனைத்தான் அண்ணன் சுற்றிச் சுற்றி வருகிறான் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தான். இந்தக் குழந்தையையும் விடவில்லையா அவன்?

நாற்றம் மெல்லக் குறைந்தது. சௌமியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டை எடுத்து இரண்டாம் கட்டத்தை எழுதினாள். எழுதியபடியே சொன்னாள்.

"ஒன்னு தெரியுமா? நாத்தம் அடிக்கிற வரைக்கும்கூட பரவால்லயாம். ரொம்ப ஜாஸ்தி ஆய்ட்டா மூக்கே செத்துடுமாம். வாயு அங்கயேதான் இருக்கும், ஆனா ஒன்னுமே தெரியாது. சுத்தமா போய்டுச்சுன்னு நெனைப்போமாம். அதுதான் ஆளக் கொல்ற நேரம்னு டீச்சர் சொன்னாங்க."

"இன்னா சொன்ன?"

"மூக்கு மரத்துடுமாம்."

"மறுபடியும் சொல்லு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சித்தப்பாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

தோல் ஷாப்பில் மூக்குதான் மீட்டர். முப்பது வருஷம் வேலை செய்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். நாற்றம் அடித்தால் நில்லு, நாற்றம் போனால் இறங்கு. சூரிக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னது அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அவன் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான். நாற்றம் போய்விட்டதே, நான் மோந்து பார்த்தேனே, பிறகு எப்படி? அதற்குப் பதில் பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணிடம் இருந்திருக்கிறது.

"சித்தப்பா, இன்னா ஆச்சு?"

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நாளைக்குப் பரிட்சை, வேண்டாம் என்றும் தோன்றியது. பரிட்சை முடியட்டும், அப்புறம் ரிசல்ட் வரட்டும், அப்புறம் காலேஜ் சேரட்டும் என்று இந்த வாய் எத்தனை வருஷத்தை வேண்டுமானாலும் விழுங்கும். அது அவனுக்கே தெரிந்தது.

"நான்தான் சொன்னேன் சௌமி."

"இன்னா சொன்ன?"

"போய்டுச்சுன்னு."

அவளுக்குப் புரியவில்லை. சூரி மண்ணைப் பார்த்தபடி பேசினான். கழிவுத்தண்ணித் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தண்ணி நிற்கிற தொட்டி அது. ஆசிட் தண்ணிக்கு வேறு தொட்டி. அன்றைக்கு யாரோ ஆசிட் டிரம்மைக் கழுவி இதிலேயே விட்டிருக்கிறார்கள். மூங்கிலால் கிளறியதும் நாற்றம் குப்பென்று ஏறியது. பக்கத்திலேயே நின்று அரை மணி நேரம் காத்திருந்தார்கள், டீகூடக் குடித்தார்கள்.

"அப்புறம் அண்ணன் கேட்டாரு. சூரி, நாத்தம் போய்டுச்சாடா, எறங்கலாமான்னு. நான் படுத்துக்கினு உள்ள மோந்து பாத்தேன். ஒன்னுமே அடிக்கல. சத்தியமா ஒன்னுமே அடிக்கல. போய்டுச்சுணா, எறங்குன்னு சொன்னேன். ஏணில மூணாவது படி. அவ்ளோதான். கை உட்டுடுச்சு."

முருங்கை இலைகள் சலசலத்தன. பெரிய பெண்களைப் போல அவள் கத்தி அழுவாள், தன்னை அடிப்பாள் என்று சூரி காத்திருந்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

சௌமியா எழுந்து வீட்டுக்குள் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவளின் கையில், ஷாப் ஆபீஸில் எழுதிய விபத்து அறிக்கையின் ஜெராக்ஸ் தாள். மடிப்புகள் கிழிகிற நிலையில் இருந்தன. அதைச் சூரியின் முன்னால் பிடித்தாள்.

"உடனிருந்தவர்கள் பலமுறை தடுத்தும் கேளாமல், தன்னிச்சையாகத் தொட்டியில் இறங்கினார்" என்று வாசித்தாள். கேள்வித் தொகுப்பை வாசிப்பது போலவே வாசித்தாள். "கீழ சாட்சி கையெழுத்து. இது உன்துதானே?"

"மூணாம் நாள் ஆபீஸ்ல கூப்ட்டு நீட்டினாங்க. படிச்சிப் பாக்கக்கூட இல்ல." நிறுத்தினான். இந்தப் பொய்யும் வேண்டாம் என்று தோன்றியது. "படிச்சேன். படிச்சிட்டுத்தான் போட்டேன். நான் சொல்லித்தான் எறங்கினாருன்னு தெரிஞ்சா அண்ணி என் மூஞ்சில முழிக்க மாட்டாங்கன்னு பயம்."

"அம்மா இந்தப் பேப்பரை எத்தினி தடவ படிச்சிருக்கும் தெரியுமா உனக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்போ அப்பா கேட்டிருக்காரு" என்றாள் சௌமியா. குரல் அங்கேதான் முதன்முதலாக உடைந்தது. "எங்கள நெனைக்காம ஒன்னும் எறங்கல. பத்திரமான்னு கேட்டுட்டுத்தான் எறங்கியிருக்காரு. ரெண்டு வருஷமா அம்மா அவர அந்தத் திட்டு திட்டுது. நீ பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கினு கேட்டுக்கினு இருந்த."

"உன் பரிட்சை முடியட்டும்மா. நாளைக்கு சாயங்காலம் நானே..."

"எனக்குப் பரிட்சை நாளைக்கி. உனக்கு இன்னிக்கி" என்றாள் அவள். "அம்மா வரட்டும். நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

*

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போய்விடு என்றும் சொல்லவில்லை. மத்தியானம் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் நான்கரைக்குப் புதிய எலுமிச்சம் பழத்தோடு மறுபடி பின்பக்கம் வந்தாள். கை பழக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சோதனையை ஆரம்பத்திலிருந்து செய்தாள். காற்று நின்றுபோயிருந்தது. இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. லேபிலிருந்து நோட்டில் வைத்துக் கொண்டுவந்த லெட் அசிட்டேட் தாளை நனைத்துக் கிண்ணத்தின் மேல் காட்டினாள். அந்த வாயு பட்டு வெள்ளைத் தாள் கறுத்து, மேலே பளபளப்பு ஏறியது. அதை நோட்டில் ஒட்டி, மூன்றாம் கட்டத்தை எழுதி முடித்தாள். இனி எந்த உப்பு வந்தாலும் அவள் ஓட மாட்டாள். அது சூரிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கிண்ணத்தைக்கூடக் கழுவாமல் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

சூரி வீட்டின் பக்கச் சந்தில் நின்றிருந்தான். ஓடிவிடலாமா என்று யோசித்தான். வாணியம்பாடியில் ஒரு தெரிந்தவன் இருக்கிறான், ராணிப்பேட்டையில் கெமிக்கல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். எங்கே போனாலும் அந்தக் குரலும் கூடவே பஸ் ஏறும் என்பது நினைவுக்கு வந்தது. நின்ற இடத்திலேயே நின்றான்.

ஐந்தரைக்கு வேன் தெருமுனையில் நின்றது. பெண்களின் பேச்சுச் சத்தம், சிரிப்பு. அம்பிகா டிபன் பையை ஆட்டிக்கொண்டு வந்தாள். தகரக் கேட்டில் கை வைத்தவள் சட்டென்று நின்றாள். முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டாள். களைப்பிலும் அவள் கண்ணில் சிரிப்பு இருந்தது. மகள் பழகிவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா சூரி, காலையிலேர்ந்தா நடக்குது?" என்றாள் கேட்டுக்கு வெளியே நின்றபடி. "நாத்தம் போய்டுச்சா? உள்ள வரலாமா?"

சூரிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. குரல் அண்ணியுடையதுதான். ஆனால் கேள்வி அதேதான். அன்றைக்குப் போலவே சாதாரணமாகக் கேட்டுவிட்டு, அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

மூச்சை இழுத்துப் பார்த்தான். ஒன்றும் அடிக்கவில்லை. போய்விட்டது என்றுதான் அவன் மூக்கு சொன்னது.

"தெரியல அண்ணி. என் மூக்க நம்பாதீங்க. அங்கேயே இருங்க."

"ஏன், இன்னா ஆச்சு? சௌமி எங்க?"

ஜன்னலில் சௌமியாவின் முகம் தெரிந்தது. அவள் கையில் அந்த ஜெராக்ஸ் தாள் இருந்தது. சூரி நடந்து போய்க் கேட்டைத் திறந்து வெளியே வந்து, அண்ணியின் முன்னால் நின்றான்.

"அண்ணன் கேக்காம எறங்கல அண்ணி. நாத்தம் போய்டுச்சா, எறங்கலாமான்னு கேட்டுட்டுத்தான் எறங்கினாரு" என்றான். "என்னைத்தான் கேட்டாரு."

அம்பிகாவின் முந்தானை மூக்கிலிருந்து மெல்ல இறங்கியது. அவள் அவனைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே, பூ இல்லாத அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.